அகரத்திலிருந்து தொடங்கிய அடிகளார்

வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி ஒரு வீட்டுக்குள் வரும்போது மகிழ்ச்சியும் கலக்கமும் சேர்ந்தே வருகின்றன. தாடிக்கொம்பையும் அகரத்தையும் சுற்றியுள்ள நம் ஊர்களில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். விசா வந்த அன்று தெருவுக்கே இனிப்பு. புறப்படும் நாளில் ஒரு திருப்பலி, பங்குத்தந்தையின் ஆசீர், அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியும் ஊறுகாயும். திண்டுக்கல் பேருந்து நிலையம் வரைக்கும் வழியனுப்ப ஒரு கூட்டம்.

ஒரு வாரம் கழித்து வரும் தொலைபேசி அழைப்பில்தான் உண்மை தெரியும். வேலை கடினமாக இல்லை, மேலாளர் சொல்வதுதான் புரியவில்லை என்று பிள்ளை மெல்லச் சொல்வான். ஊரில் பட்டம் வாங்கியவன், நாலு பேருக்கு நடுவில் பேசத் தயங்காதவன், அங்கே போய் வாய் திறக்கக் கூசுகிறான். படித்த படிப்பு எங்கே போயிற்று என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. முதல் வேலையின் முதல் பாடம் பெரும்பாலும் இதுதான். நமக்கு எதுவும் தெரியாது என்பதை நாமே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தப் பாடத்தை மிக நன்றாகப் படித்த ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் கடல் கடந்து வந்தது அரபு நாட்டுக்கோ சிங்கப்பூருக்கோ அல்ல. நம் தமிழகத்துக்கு. அவர் தடுமாறியது ஆங்கிலத்திலோ அரபியிலோ அல்ல. தம் தாய்மொழியாகிய தமிழில். உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளின் தந்தை என்று இன்று போற்றப்படும் அருட்தந்தை சேவியர் தனிநாயகம் அடிகளார்தான் அவர்.

கரம்பொன்னிலிருந்து உரோமை வரை

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஊர்காவற்றுறைத் தீவில் கரம்பொன் என்றொரு சிற்றூர். அங்கே 1913 ஆகஸ்டு 2 அன்று அடிகளார் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் சேவியர். தனிநாயகம் என்பது அவருடைய முன்னோர் ஒருவரின் பெயர். பின்னாளில் தமிழின் மீது கொண்ட பற்றினால் அதைத் தம் பெயராக விரும்பி ஏற்றுக்கொண்டார்.

ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் பள்ளியிலும், பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். அது ஆங்கிலேயர் ஆட்சிக்காலம். நல்ல பள்ளி என்றால் ஆங்கிலப் பள்ளி. ஆங்கிலம் தெரிந்தவனுக்கே அரசாங்க உத்தியோகம். வீட்டில் தமிழ் பேசினாலும் வகுப்பறையில் ஷேக்ஸ்பியர்தான். அந்தச் சூழலில் வளர்ந்த பிள்ளைகளில் ஒருவராகவே அவரும் வளர்ந்தார்.

1931-இல் கொழும்பு புனித பெர்னார்து குருமடத்தில் சேர்ந்தார். அங்கே இலத்தீனும் மெய்யியலும். 1934-இல் உரோமை நகருக்கு அனுப்பப்பட்டு, உர்பான் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். உலகின் பல நாடுகளிலிருந்தும் வந்த மாணவர்கள் ஒன்றாக வாழும் இடம் அது. இத்தாலியம், பிரெஞ்சு, செருமானியம், இசுபானியம், போர்த்துக்கீசியம் என்று ஐரோப்பிய மொழிகள் ஒவ்வொன்றாக அவர் வசமாயின. 1938 மார்ச் 19, புனித யோசேப்பு திருநாளன்று உரோமையில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரின் ஆயராக இருந்த புனித சிப்ரியான் காலத்துக் குருக்களைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டமும் பெற்றார்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு எந்தக் குருமடத்திலும் பேராசிரியர் பணி காத்திருக்கும் என்றே நாம் நினைப்போம். ஆனால் அவர் தேர்ந்துகொண்ட பாதை வேறு. பிறந்த நாட்டை விட்டு, தமிழகத்தில் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் குருவாகப் பணிசெய்ய வந்தார். 1923-இல் உருவான அந்த மறைமாவட்டத்தின் முதல் ஆயர் மேதகு திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை. அக்காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையில் ஓர் இந்தியர் ஆயராவதே புதுமையாக இருந்தது. மண்ணின் மைந்தர்களான குருக்களைக் கொண்டு மறைமாவட்டம் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது.

இலங்கையும் இந்தியாவும் அப்போது ஒரே பேரரசின் கீழ் இருந்தாலும் ஆட்சி வேறு, சட்டம் வேறு. அந்த நாட்களில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. மதுரை, திருச்சி, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஏழை மக்கள் தேயிலைத் தோட்டங்களில் பிழைப்புத் தேடி இலங்கைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நம் திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. இங்கிருந்து மக்கள் கூலிவேலைக்காகக் கடல் தாண்டிக்கொண்டிருந்த காலத்தில், அங்கிருந்து ஒரு படித்த இளைஞர் இங்கே வேலைக்கு வந்தார்.

வடக்கன்குளத்தில் முதல் வேலை

1940-ஆம் ஆண்டு. அடிகளாருக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது. திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளம், புனித தெரேசா உயர்நிலைப் பள்ளி. துணைத் தலைமையாசிரியர் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது.

வடக்கன்குளம் மறைவரலாற்றில் சிறிய ஊர் அல்ல. திருவிதாங்கூர் அரசப் பணியாளராக இருந்த நீலகண்ட பிள்ளை, 1745-இல் இவ்வூரில்தான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 2022 மே 15 அன்று அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை நாம் கொண்டாடினோம். அதே ஊருக்கு வேதனையான ஒரு நினைவும் உண்டு. சாதியின் பெயரால் மக்களைப் பிரித்து அமர்த்தும் விதத்தில் ஆலயம் கட்டப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டது. பெருமையும் காயமும் சேர்ந்த ஊர். மேற்கே மலை, சுற்றிலும் பனை, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று, சற்றுத் தொலைவில் கடல்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அடிகளார் எதிர்கொண்ட நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். எதிரே அமர்ந்திருப்பவர்கள் தமிழ்ப் பிள்ளைகள். அவரும் தமிழர். ஆனால் பிள்ளைகள் பாடநூலில் படிக்கும் இலக்கியத் தமிழ் அவருக்குப் பழக்கமில்லை. மேடை ஏறினால் ஆங்கிலம் வந்த அளவுக்குத் தமிழ் வரவில்லை. பேச்சுத் தமிழிலும் வேறுபாடு. யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் பேசுவது. நம் பக்கத்தில் கதை விடுகிறான் என்றால் பொய் சொல்கிறான் என்று பொருள். அங்கே வடிவு என்றால் அழகு. இங்கே அது ஒரு பெண்ணின் பெயர். அங்கே சிறுமியைப் பெட்டை என்பார்கள். இங்கே அந்தச் சொல்லைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஒரே மொழிதான். ஆனாலும் நாடு மாறினால் சொல்லின் முகம் மாறிவிடுகிறது.

இந்த இடத்தில் பலர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தெரிந்த ஆங்கிலத்தின் பின்னால் ஒளிந்துகொள்வது. உரோமையில் முனைவர் பட்டம் பெற்ற குரு ஆங்கிலத்திலேயே பேசினால் அந்தக் காலத்தில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னும் மதிப்பு கூடத்தான் செய்திருக்கும். தமிழ் சரியாகத் தெரியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் படித்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

அடிகளார் அப்படிச் செய்யவில்லை. தமக்குத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். தமிழ்ப் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்தார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அவரிடம் இலக்கணமும் இலக்கியமும் முறையாகக் கற்றார்.

இதைச் சாதாரணமாக வாசித்துவிட்டுக் கடந்துவிடக் கூடாது. ஒரு கத்தோலிக்கக் குரு, ஓர் இந்துப் பண்டிதரின் முன் பாடம் கேட்கிறார். பள்ளியில் பொறுப்பு வகிப்பவர், வேலை முடிந்ததும் மாணவராகிறார். ஐரோப்பிய மொழிகளில் ஆய்வு நூல்களைப் புரட்டியவர், தம் சொந்த மொழியில் தொடக்கப் பாடத்திலிருந்து தொடங்குகிறார். பதவி இதற்குத் தடையாக நிற்கும். வயது நிற்கும். பட்டங்களும் நிற்கும். எல்லாவற்றையும்விட, மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் நிற்கும். அவர் எல்லாவற்றையும் தாண்டினார்.

தமிழில் முதல் எழுத்தின் பெயர் அகரம். நம் ஊரின் பெயரும் அகரம். ஊர்ப்பெயருக்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஆனாலும் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து போகும்போதெல்லாம், அகரத்திலிருந்து தொடங்கத் துணிந்த அந்தக் குருவை நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

அவர் வந்த வழியில் அவருக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த அன்றிக்கே அடிகளார், கடற்கரை மக்களோடு வாழ்ந்து தமிழ் கற்று, 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றினார். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி தமிழும் வடமொழியும் கற்றார். 1711-இல் வந்த இத்தாலியரான வீரமாமுனிவர் தேம்பாவணி பாடினார், சதுரகராதி தந்தார். இவர்கள் எல்லாருக்கும் புதிய நாட்டின் முதல் வேலை மொழி படிப்பதாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் வெளிநாட்டவர். தெரியாது என்று சொல்வதில் அவர்களுக்கு வெட்கமில்லை. தமிழராகப் பிறந்து தமிழ் தெரியாது என்று சொல்வதற்குக் கூடுதல் துணிவு வேண்டும். அந்தத் துணிவு அடிகளாருக்கு இருந்தது.

மீண்டும் மாணவர்

1945-இல் வடக்கன்குளத்திலிருந்து விடைபெற்று, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். முப்பது வயதைக் கடந்த, ஏற்கெனவே முனைவரான ஒரு குரு, தம்மைவிட இளையவர்களோடு வகுப்பறையில் அமர்ந்தார். முதுகலை முடித்து, அதன்மேல் எம்.லிட். ஆய்வும் செய்தார். சங்கப் பாடல்களில் இயற்கை எவ்வாறு பாடப்பட்டுள்ளது என்பதே அவரது ஆய்வுப் பொருள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தையும் மனித மனத்தையும் இணைத்துப் பார்த்த பழந்தமிழரின் நோக்கை, கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தகுதி அவருக்கு இருந்தது. உரோமையில் படித்த படிப்பு வீண்போகவில்லை. தமிழைக் கற்ற பிறகே அதற்கு முழுப் பயன் கிடைத்தது என்றும் சொல்லலாம்.

மலையும் வயலும் பனங்காடும் கடலும் அருகருகே உள்ள வடக்கன்குளத்தில் ஐந்தாண்டுகள் வாழ்ந்தவர் திணைகளைப் பற்றி எழுதியது நமக்கு வியப்பளிக்கவில்லை. முதல் வேலை பார்த்த ஊர் யாருக்கும் மறப்பதில்லை.

பிறகு தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. தமிழின் செல்வம் தமிழருக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறது, உலகத்தவர் அறியவில்லை என்ற ஏக்கம் அவரை அலைக்கழித்தது. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று பயணம் செய்து தமிழைப் பற்றி உரையாற்றினார். 1952-இல் தமிழ்க் கல்ச்சர் என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் வெளிவந்த அவரது தமிழ் நூலின் பெயர் தமிழ்த்தூது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் தமிழ் பேசத் தயங்கியவர் தமிழின் தூதுவராகிவிட்டார்.

அடுத்தடுத்த நாடுகள்

1952-இல் மீண்டும் இலங்கை. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளர் பணி. இடையில் இலண்டன் சென்று ஆராய்ந்து இன்னொரு முனைவர் பட்டமும் பெற்றார். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது அவர் மௌனமாக இருக்கவில்லை. இரு மொழிகளும் சம உரிமையோடு வாழ வேண்டும் என்று எழுதினார், பேசினார். பிற மொழியை அவர் வெறுக்கவில்லை. இத்தனை மொழிகளைக் காதலித்துக் கற்றவரால் எந்த மொழியையும் வெறுக்க முடியுமா? தம் மக்களின் மொழி ஒதுக்கப்படுவதை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை.

1961-இல் மற்றொரு நாடு, மற்றொரு வேலை. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைத் தலைவர். அங்கே அவர் கண்டது வேறொரு தமிழுலகம். ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழரின் பேரப்பிள்ளைகள். உலகெங்கும் இப்படிப் பரவிய தமிழரைப் பற்றி அவர் தேடித் தேடி எழுதினார். 1853 முதல் கரீபியக் கடலின் மார்த்தினிக் தீவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாக அனுப்பப்பட்ட தமிழரைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். பிழைப்புக்காகப் போன மக்கள், சில தலைமுறைகளில் மொழியை இழந்து, பெயர்களில் மட்டும் தமிழின் சாயலை வைத்திருப்பது அவர் மனத்தைத் தொட்டது. மொழியைக் கிட்டத்தட்ட இழந்து மீட்டுக்கொண்டவர் அல்லவா அவர்?

இந்த ஆண்டுகளில்தான் அவரது பெருங்கனவு நனவாயிற்று. 1964 ஜனவரியில் புதுதில்லியில் கீழைத்தேயவியல் அறிஞர் மாநாடு நடந்தது. அங்கே கூடிய அறிஞர்களை அழைத்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார். பேராசிரியர் வ. ஐ. சுப்பிரமணியம் உள்ளிட்டோர் துணைநின்றனர். பிரெஞ்சு அறிஞர் பிலியோசா மன்றத்தின் தலைவரானார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. தாய்த் தமிழகத்தில் அல்ல, தமிழர் வேலை தேடிச் சென்ற நாட்டில் முதல் மாநாடு நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1968 ஜனவரியில் சென்னை, 1970-இல் பாரிசு, 1974 ஜனவரியில் அவரது சொந்த மண்ணான யாழ்ப்பாணம்.

நூலகங்களில் தூங்கிய பழைய நூல்களையும் அவர் எழுப்பினார். ஐரோப்பிய மொழிகள் தெரிந்திருந்ததால் லிஸ்பன், பாரிசு, வத்திக்கான் நூலகங்களின் கதவுகள் அவருக்குத் திறந்தன. அந்தாவ் தெ புரோயென்சா என்ற இயேசு சபைக் குரு தொகுத்து, 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை 1966-இல் அப்படியே படியெடுத்து வெளியிட்டார். தமிழைக் கற்க வந்த வெளிநாட்டவர் ஒருவரின் உழைப்பை, தமிழை மீண்டும் கற்ற ஒரு தமிழர் காப்பாற்றிக் கொடுத்தார்.

எல்லாம் வெற்றியாகவே முடிந்துவிடவில்லை. 1974-இல் யாழ்ப்பாண மாநாட்டின் இறுதி நிகழ்ச்சி ஜனவரி 10 அன்று நடந்தபோது, காவல்துறையினரின் நடவடிக்கையால் கூட்டம் சிதறி, பொதுமக்களின் உயிர்கள் பறிபோயின. தாம் பெற்றெடுத்த மாநாடு தம் சொந்த ஊரில் கண்ணீரில் முடிந்ததைக் காணும் துயரமும் அவருக்கு நேர்ந்தது. 1980 செப்டம்பர் 1 அன்று யாழ்ப்பாணத்தில் இறைவனடி சேர்ந்தார். நான்கு மாதங்கள் கழித்து, 1981 ஜனவரியில், நமக்குப் பக்கத்து ஊரான மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. நம்மில் மூத்தவர்கள் திண்டுக்கல்லிலிருந்து பேருந்தேறிப் போய் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருப்பார்கள். அத்தனை பேரையும் கூட்டிய மனிதர் அதைக் காண இல்லை.

நமக்கு என்ன?

அடிகளாரின் புகழைப் பாடிவிட்டு நாம் நிறுத்திக்கொண்டால் அவர் மகிழ மாட்டார். அவரது வாழ்வு நம்மைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள் உண்டு.

முதலாவது, புதிய நாட்டில் முதல் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு. தெரியாது என்று சொல்வது அவமானம் அல்ல. தெரிந்ததுபோல் நடிப்பதுதான் ஆபத்து. எந்திரத்தின் முன் நிற்பவனும், மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் செவிலியரும், புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டினால் இழப்பு அவர்களுக்கு மட்டுமல்ல. வேலைநேரம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் அந்த நாட்டு மொழியைக் கற்க ஒதுக்குங்கள். சொல்லித்தர ஒருவரைத் தேடுங்கள். அவர் வேறு மதத்தவராக, வேறு நாட்டவராக, உங்களைவிடக் குறைவாகப் படித்தவராகக்கூட இருக்கலாம். அடிகளாருக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு ஆறு மாதத்தில் வரவில்லையே என்று மனம் தளர வேண்டாம்.

இரண்டாவது, பெற்றோராகிய நமக்கு. ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்க அழைக்கப்பட்டால் ஏன் பின்வாங்குகிறார்கள்? தமிழ்ப் பாடல்களை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் பிள்ளைகளை நம் பாடகர் குழுக்களிலேயே பார்க்கிறோம். அவர்களைத் திட்டிப் பயனில்லை. எண்பது ஆண்டுகளுக்கு முன் அடிகளார் இருந்த நிலையில்தான் அவர்கள் இருக்கிறார்கள். அவருக்கு ஒரு சுப்பிரமணிய ஐயர் கிடைத்தார். நம் பிள்ளைகளுக்கு யார் கிடைத்திருக்கிறார்கள்? மாலையில் அரைமணி நேரம் அருகில் அமர்ந்து, பிழையைக் கண்டு சிரிக்காமல், எழுத்துக்கூட்டி வாசிக்க வைக்க நாம் தயாரா?

மூன்றாவது கேள்வி சற்றுச் சங்கடமானது. இன்று நம் திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் இளைஞர்களும் இளம்பெண்களும் வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இது வேறு நாடு போலத்தான். ஊரைவிட்டு வந்த முதல் வேலை. சந்தையில் காய் வாங்கும்போதும், மருந்துக்கடையில் வயிற்றுவலியைச் சைகையில் சொல்லும்போதும் அவர்கள் தடுமாறுவதை நாம் பார்க்கிறோம். சிலர் சிரிக்கிறோம். சிலர் எரிச்சல்படுகிறோம். வெளிநாட்டில் நம் மகனிடம் யாராவது இப்படி நடந்துகொண்டால் இரவெல்லாம் தூங்க மாட்டோம். நம் வாசலுக்கு வந்தவர்களிடம் மட்டும் வேறு அளவுகோலா?

விவிலியத்தில் ரூத்து என்ற மோவாபியப் பெண் மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்தாள். அன்னிய மண்ணில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, அறுவடை வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்குவது. அவள் கூச்சப்படாமல் இறங்கி வேலை செய்தாள். ஆனால் அவளுடைய உழைப்பு மட்டும் அவளைக் காப்பாற்றவில்லை. கதிர்களை வேண்டுமென்றே சிந்தவிடச் சொன்ன போவாசும் அந்த வயலில் இருந்தார். புதிதாக வந்தவரிடம் பணிவு வேண்டும், சரிதான். ஏற்கெனவே இருப்பவரிடம் இரக்கம் வேண்டாமா?

வடக்கன்குளத்துக் கதையிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவரை உலகம் அறியும். அவர் பெயரில் மாநாடுகளில் மலர்கள் வெளிவருகின்றன, ஆய்வுகள் நடக்கின்றன. மற்றவர் பாடம் சொல்லிக்கொடுத்த பண்டிதர். வேறு நாட்டிலிருந்து வந்த, வேறு சமயத்தைச் சேர்ந்த ஒருவர் தமிழ் கேட்டு வந்து நின்றபோது அவர் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. நான்கு ஆண்டுகள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தாம் விதைப்பது என்னவென்று அவருக்கு அப்போது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நம்மில் பலருக்குத் தனிநாயகம் அடிகளாராக ஆகும் வாய்ப்பு வராது. ஆனால் அந்தப் பண்டிதராக ஆகும் வாய்ப்பு நம் வாசலுக்கே வந்து நிற்கிறது. பேருந்து நிறுத்தத்தில் பலகையை வாசிக்கத் தெரியாமல் நிற்கும் ஒரு வடநாட்டு இளைஞனுக்கு ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொடுப்பதில் அது தொடங்கலாம். அந்தப் பலகையில் எழுதியிருப்பது அகரம் என்றால் இன்னும் நல்லது. முதல் எழுத்தும் அதுதானே!